ஆளில்லாத முக்காலி

கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த புதிதில் எதைக் கண்டாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். நான் திருவாடானைப் பக்கத்து வயல்காட்டில் பிறந்தவள். நாங்களும் சேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள்தான், ஆனால் அறுவடைக்கு அறுவடை கோயிலுக்கு நெல் அளக்கிற வேதக்காரர்கள். இங்கே இருப்பவர்கள் முதல் மீனைக் கோயிலுக்குக் கொடுக்கிற வேதக்காரர்கள். அங்கே மாமியாரை அத்தை என்போம், இங்கே மாமி. நான் முதல் தடவை ‘அத்தை’ என்று கூப்பிட்டபோது என் மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தாராம். வீட்டில் அப்போது எங்கள் இருவரையும் தவிர ஒரு பூனைதான் இருந்தது.

சாவைக் கண்டும் அதிர்ந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் செத்தவர் வீட்டுக்கு வேண்டியவர்கள் போவார்கள், வேண்டாதவர்கள் வீட்டில் இருந்துகொண்டு உச்சுக்கொட்டுவார்கள். இங்கே அது நடக்காது. ஒரு வீட்டு வாசலில் சாவுக்குரல் எழுந்துவிட்டால், வலையைக் கையில் வைத்திருப்பவன் அதைப் போட்டுவிட்டு வர வேண்டும். வெட்டுக்குத்துப் பகை என்றாலும் வர வேண்டும். வருகிற ஆண்கள், வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டு ஆண்களின் கைகளைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். தொட்டுவிட்டால் பிறகு பகை பேசக் கூடாது. கடலில் போனவனுக்கு உடம்பு கிடைக்காது அல்லவா, அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அவனுடைய தாயோ பெண்டாட்டியோ வாசலுக்கு வந்து என்றைக்குக் குரல் எடுக்கிறாளோ, அன்றைக்குத்தான் அவன் செத்தான். அதுவரை அவன் வரவேண்டியவன். செத்தவனின் சாவு ஒரு பெண்ணின் தொண்டையில் காத்துக்கொண்டிருக்கிறது என்றால் எப்படி இருக்கும்!

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது நான் இங்கே பார்த்த முதல் பெரிய வியாழன்.

ஈஸ்டருக்கு முந்தின அந்த வியாழக்கிழமைப் பூசையில், சேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். நான் பிறந்த ஊரில் சாமியார் தன் கண்ணில் படுகிற பன்னிரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்துக் கழுவிவிடுவார். அதில் யாருக்கும் பெருமையும் இல்லை, சண்டையும் இல்லை. இந்த ஊரிலோ அந்தப் பன்னிரண்டு முக்காலிகளுக்கும் வீடு உண்டு. ஊரை முதலில் உண்டாக்கிய பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு முக்காலி. அந்த வீட்டின் மூத்த ஆண்பிள்ளை அதில் உட்காருவான். மற்றக் குடும்பங்கள் எல்லாம் இந்தப் பன்னிரண்டில் ஏதோ ஒன்றிலிருந்து கிளைத்தவை. முக்காலி வீட்டைச் சேர்ந்தவன்தான் ஊர்க்காரன். அவனுக்குத்தான் கோயில் நிலத்தில் குடிசை போட இடம் கிடைக்கும். அவன்தான் ஊர் சேர்ந்து இழுக்கிற கரைவலையில் கை வைக்கலாம்.

பதினொரு முக்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். நடுவில் ஒன்றில் யாரும் இல்லை. சாமியார் முறைப்படி ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். ஆளில்லாத முக்காலிக்கும் வந்தார். வந்து குனிந்தார். அங்கே கால் இல்லை. அவர் பாட்டுக்கு வெறும் தாம்பாளத்தில் தண்ணீரை ஊற்றினார், துண்டால் காற்றைத் துடைத்தார், அடுத்தவருக்கு நகர்ந்தார். பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவளிடம், “அது யாரு வீட்டு முக்காலி, அக்கா?” என்று மெல்லக் கேட்டேன்.

அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “ஒங்க வீட்டுதுதான்டி. தெரியாமயா வாக்கப்பட்டு வந்தே?”

தெரியாமல்தான் வாக்கப்பட்டு வந்திருந்தேன். மாமனார் முன்னமே இறந்துபோனார் என்று தெரியும். என் கணவருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்று தெரியும். அவர் அக்கரைக்குப் போனார் என்றும் தெரியும். அந்தக் காலத்தில் இங்கிருந்து இலங்கைக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. பிறகு பாஸ்போர்ட், விசா என்று சட்டம் வந்தது. வந்தும் இவர்கள் கேட்டார்களா? கருவாடு ஏற்றிக்கொண்டு ஒரு வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை. பிடித்துச் சிறையில் போட்டார்களா, அங்கேயே தங்கிவிட்டாரா, கடலே கொண்டுபோய்விட்டதா, ஒன்றும் தெரியாது. வருஷங்கள் ஓடியும் என் மாமியார் வாசலில் குரல் எடுக்கவில்லை. அவர் குரல் எடுக்காதவரை மூத்தவர் உயிரோடு இருக்கிறார். மூத்தவர் உயிரோடு இருக்கும்வரை என் கணவர் அந்த முக்காலியில் உட்கார முடியாது. என் கணவர் நல்ல மனிதர். ஆனால் பெரிய வியாழன் அன்று அந்த முக்காலியைப் பார்க்கிற பார்வையில் மட்டும் நல்லதனம் கொஞ்சம் குறைந்துபோகும்.

கழுவி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் சாமியார் ஒரு ரொட்டி கொடுப்பார். அந்த ரொட்டி முக்காலிக்கு உரிய வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே பிட்டுத் தின்ன வேண்டும். எங்கள் வீட்டு ரொட்டியை, பூசை முடிந்ததும், மாமியாரே போய் வாங்கிக்கொண்டு வருவார். எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, பாதியைத் துணியில் சுற்றி உறியில் வைப்பார். ஈஸ்டர் அன்று அது கல்லாகிக் கிடக்கும். கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வருவார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அக்கரையில் கலவரம் வந்தது அதற்குப் பிறகுதான். தமிழ் ஆட்களை அடிக்கிறார்கள், கொளுத்துகிறார்கள் என்று பேச்சு வந்தது. கொஞ்ச நாளில் பேச்சுக்குப் பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பலைவிட்டு இறங்கி ரயிலேறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் பாம்பனில் இறங்கி நின்றார்கள். எங்கள் பங்குச் சாமியார் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நாதியற்று நின்ற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், சேசுவும் கைப்பிள்ளையாக எகிப்துக்கு ஓடினவர்தான் என்று போடுபோடென்று போட்டார். ஊரே கண்ணீர் விட்டது. நானும் விட்டேன்.

உண்மையில் ஊர் அள்ளிக் கொடுத்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் மீன், ஒரு வீட்டில் சேலை. என் மாமியார் தினமும் ஒரு பானைக் கஞ்சி காய்ச்சி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் நான் இரண்டாவது அகப்பை எடுத்தால் பானையை எட்டிப் பார்க்கிறவர் இவர். இவ்வளவு பெரிய மனசா என்று ஒருநாள் கூடவே போனேன். போனதும்தான் விஷயம் விளங்கியது.

ஒவ்வொருவருக்கும் கஞ்சியை ஊற்றுவார். ஊற்றிவிட்டு அகப்பையைப் பானைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்: “அங்கன எம்மவனப் பாத்தியாப்பா? நெட்டையா இருப்பான். எடது காது நுனி இருக்காது, தூண்டி முள்ளு கிழிச்சது.”

இதுதான் அவருடைய கஞ்சி. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பசித்த வயிறு சும்மா இருக்குமா? ஒருவன் மன்னாரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்றான். இன்னொருத்தி நீர்கொழும்பில் காது அறுந்த ஒரு ஆள் மீன் விற்றதைக் கண்ணால் கண்டேன் என்றாள். சொன்னவர்களுக்கெல்லாம் இன்னொரு அகப்பை விழுந்தது. ஒரே ஆள் மட்டும், “பார்க்கலீங்கம்மா” என்றான். அவனுக்கு ஒரு அகப்பையோடு சரி.

அவன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவன். பெண்டாட்டி, தோளில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் ஒன்று. மற்றவர்கள் எல்லாம் கொஞ்ச நாளில் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்விட்டார்கள். இவனும் போனான். தாத்தா அபிராமம் பக்கத்து ஆள் என்று கேள்விப்பட்டிருந்தானாம். அங்கே போய்த் தாத்தா பேரைச் சொல்லித் தெருத்தெருவாக விசாரித்திருக்கிறான். அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கால்நடையாகவும் வண்டியிலுமாக எங்கள் ஊருக்கே திரும்பி வந்தான். திரும்பி வந்தவனைப் பார்த்ததும் ஊர் முகம் கொஞ்சம் மாறியது. விருந்தாளி என்றால் போக வேண்டுமே! வந்தவன் வேதக்காரன்தான், கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு போட்டிருந்தான். இருந்தாலும், “வேதக்காரன்தான், ஆனா நம்ம ஆளுக இல்லையே” என்று பேச ஆரம்பித்தார்கள்.

சாமியார் அவர்களைத் தேர்க்கொட்டகையில் தங்கவைத்தார். திருவிழாவுக்கு மாதாவை வைத்து இழுக்கிற தேர் வருஷம் முழுவதும் அங்கேதான் நிற்கும். தேருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் அவர்கள் அடுப்பு வைத்தார்கள். அங்கேயே அவளுக்குப் பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை. ஒருநாள் நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் போனபோது, தேரின் குறுக்குச் சட்டத்தில் சேலையால் தூளி கட்டி, பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மாதா நிற்கிற தேரில்! ஒருத்தி கையிலிருந்த மீன்கூடையை அப்படியே போட்டுவிட்டு சாமியாரிடம் ஓடினாள்.

சாமியார் வந்து பார்த்தார். மூக்குப்பொடியை இழுத்தார். “மாதா ஒண்ணும் சொல்லலையே?” என்றார். அவ்வளவுதான். நாங்கள் சிந்திய மீனைப் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டினோம்.

ஆனால் ஊர் அத்தோடு விடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் தொடங்கியதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஈஸ்டர் முடிந்து வருகிற திருவிழாவுக்குத் தேரை எடுக்க வேண்டும், கொட்டகை காலியாக வேண்டும் என்றார்கள். அப்படியானால் கோயில் நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளட்டும் என்றார் சாமியார். ஊர்த்தலைவர் எழுந்தார். சண்டைக்காரர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

“கஞ்சி குடுக்கச் சொன்னீக, குடுத்தோம். துணி குடுக்கச் சொன்னீக, குடுத்தோம். எடம் மட்டும் கேக்காதீக சாமி. எந்த முக்காலி ஆளுன்னு கேட்டா அவன் என்னத்தச் சொல்வான்?”

பிரசங்கத்தில் போடுபோடென்று போட்ட சாமியார் அன்றைக்கு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு மறுநாள் அவர்கள் கிளம்ப வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேறெங்கே, பாலம் தாண்டி மண்டபம் ரோட்டோரம்தான். அந்தச் செய்தியைக் கேட்டு தோட்டத்து ஆளின் பெண்டாட்டி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே, “சரிங்க” என்றாள். திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

மாமியார் மட்டும் கஞ்சி கொண்டுபோவதை நிறுத்தவில்லை. கேள்வியையும் நிறுத்தவில்லை. அதே ஆளிடம் தினமும் அதே கேள்வி. “எம்மவனப் பாத்தியாப்பா?” அவனும் தினமும், முதல் தடவை கேட்பதுபோல் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “பார்க்கலீங்கம்மா” என்பான். ஒரு நாளாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலையேன், இன்னொரு அகப்பை விழுமே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பெரிய வியாழன் வந்தது. கோயிலில் எள் போட இடமில்லை. பிரசங்கம் முடிந்ததும் பதினொரு பேரும் வந்து முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். பின்னால் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வழியை அடைத்து நிற்கக் கூடாது என்று, சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார், “உக்காருங்க, எடம் பாத்து உக்காருங்க” என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆள், தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவனிருந்த தோட்டத்துக்குச் சாமியார் வருவதே வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதானாம். பெரிய வியாழன் பூசையை அவன் கண்டதே இல்லை. உபதேசியார் உட்காரச் சொல்கிறார். எதிரே ஒரு முக்காலி காலியாக இருக்கிறது. கையில் பிள்ளை கனக்கிறது. அவன் நேரே நடந்து வந்து நடு முக்காலியில் உட்கார்ந்தான்.

அவ்வளவு கூட்டத்தில் ஒரு குழந்தை இருமினது இன்னும் எனக்குக் கேட்கிறது. பூசை நடக்கிற கோயிலில், ஊர்த்தலைவர் பாதி எழுந்து, வாய்விட்டுச் சொன்னார்: “ஏலே, எந்திரி.”

அவனுக்கு என்ன குற்றம் என்று புரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான். தூங்குகிற பிள்ளை சரிந்தது, அதைப் பிடித்தான். சாமியார் கையில் தண்ணீர்ச் செம்போடு பக்கத்து முக்காலி வரை வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த ஆளைப் பார்க்கவில்லை, ஊர்த்தலைவரைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எகிப்து எகிப்து என்று எங்களை அழவைத்த மனுஷன், ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற யோசிக்கிறாரே!

அப்போது பெண்கள் பக்கம் இருந்து என் மாமியார் எழுந்தார். என் கணவர்கூட உட்கார முடியாத முக்காலி. சொந்த மகன் ஆசையாகப் பார்த்தாலே முறைக்கிற பெண்பிள்ளை. அந்த ஆளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், வழி விட்டார்கள். பூசை நேரத்தில் பெண்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. அவர் முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்காமல் போய் அவன் முன்னால் நின்றார்.

“புள்ளையக் குடு” என்றார்.

அவன் பயந்து கொடுத்தான். மாமியார் அந்தப் பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “இப்பக் கால நீட்டு” என்றார். பிறகு சாமியார் பக்கம் திரும்பி, “ஊத்துங்க சாமி” என்றார்.

சாமியார் குனிந்தார். தண்ணீர் விழுந்தது. மாமியார் நகராமல் அங்கேயே நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாதத்தின் அடியில் தோலே இல்லை. வெந்து, சுருங்கி, இழுத்துப் பிடித்த சதை. எரிகிற தோட்டத்து லயக் குடிசைக்குள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் என்று அவன் பெண்டாட்டி பிறகு சொன்னாள். எத்தனை மாதமாக எங்கள் சுடுமணலில் நடந்த கால் அது! கஞ்சி ஊற்றின எங்களில் ஒருவர்கூட அதைக் குனிந்து பார்த்ததில்லை.

என் கணவர் கோயிலைவிட்டு வெளியே போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். பூசை எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. மாமியார் பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, ரொட்டியை வாங்காமல் வீட்டுக்கு வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். வாசலில் என் கணவர் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மாமியார் அவரைத் தாண்டி உள்ளே போய் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே அவன் வந்துவிட்டான், பெண்டாட்டி பிள்ளைகளோடு. அதற்குள் உபதேசியார் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இரண்டு கையிலும் அந்த ரொட்டியை ஏந்திக்கொண்டு வந்தான். பெண் குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு துணுக்கும் பிட்டுக் கொடுக்கவில்லை.

“தெரியாம உக்காந்துட்டேம்மா. உங்க மகன் எடம்னு தெரியாது. மன்னிச்சிருங்க. ஈஸ்டர் வரைக்கும் இருக்கல, நாளைக்கே கெளம்பிர்றோம்.”

மாமியார் ரொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “ஒரு தடவ கேக்கேன்” என்றார். “எம்மவனப் பாத்தியா?”

அவன் வழக்கம்போல் ஒரு நிமிஷம் யோசித்தான். அவனுக்கு இப்போது அழுகை வந்துவிட்டது. “பார்க்கலீங்கம்மா. எங்கயும் பார்க்கல.”

“எல்லாரும் பாத்தேன் பாத்தேன்னாங்க. அத நம்பித்தான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்” என்றார் மாமியார். “நீ ஒருத்தன்தான்ப்பா எனக்குப் பொய் சொல்லல.”

ரொட்டியைப் பிட்டார். முதல் துண்டு அந்தப் பெண் குழந்தைக்கு. பிறகு அவனுக்கு, அவளுக்கு, எனக்கு, வாசலில் இருந்த என் கணவருக்கு. கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். உறியில் வைக்க ஒன்றும் மீதி இல்லை. நான் அந்த வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தார். கொண்டையை அவிழ்த்தார். வாசலுக்குப் போனார்.

அந்தக் குரலை நான் எப்படி எழுதுவேன்! எத்தனையோ வருஷம் அடக்கிவைத்திருந்த குரல். பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு கோயில் மணி அடிக்கக் கூடாது. கடலும் அன்றைக்கு ஓய்ந்துதான் கிடந்தது. ஊரில் அந்த ஒரு குரல்தான் கேட்டது. “என்னப் பெத்த அய்யா, எந்தக் கரையில கெடக்கியோ” என்று அவர் எடுத்ததும் என் கணவர், “ஆத்தா, வேணாம் ஆத்தா” என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அந்த முக்காலிக்காக எத்தனை வருஷம் காத்திருந்தவர்! அண்ணன் செத்ததும் அவரால் தாங்க முடியவில்லை. தோட்டத்துக்காரி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளும் குரல் எடுத்தாள். அவள் யாரை நினைத்து அழுதாள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை.

நாலாபக்கமும் கதவுகள் திறந்தன. சாவுக்குரல் கேட்டால் வர வேண்டும். வந்தார்கள். அந்த ஆள் பயந்துபோய்ச் சுவரோரமாக ஒதுங்கி வெளியே நழுவப் பார்த்தான். மாமியார் அழுகையை நிறுத்தினார். நிறுத்தி, மூக்கைச் சிந்தி, தெளிவான குரலில் அவனைப் பார்த்துச் சொன்னார்:

“எங்கன போறே? மூத்தவன் எடத்துல உக்காந்தவன் நீ. வாசல்ல உக்காரு.”

அவன் என் கணவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என் கணவரின் முகம் வீங்கிக் கிடந்தது. அவர் பாயில் நகர்ந்து இடம் விட்டார். பிறகு அவன் இன்னும் நிற்பதைப் பார்த்து, “ஏலே, இங்கன உக்காரு” என்று கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

முதலில் வந்தவர் ஊர்த்தலைவர். விறுவிறுவென்று வந்தவர் பாயில் இருந்தவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மற்ற முக்காலிக்காரர்கள். திரும்பிப் போக முடியாது. சாவு வீட்டு வாசல்வரை வந்து திரும்பினவன் என்ற பேர் தலைமுறைக்கும் போகாது. கையைத் தொடாமல் உட்காரவும் முடியாது. தொட்டுவிட்டால் இந்த வீட்டு ஆள் என்று அவரே ஒத்துக்கொண்டதாகிவிடும். அவர் என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அவிழ்ந்த தலைமயிரோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. பெற்ற மகனின் சாவை எடுத்து இந்த அம்மாள் ஊருக்கு முன்னால் வைத்திருக்கிறாள்!

ஊர்த்தலைவர் குனிந்து என் கணவரின் கையைத் தொட்டார். கொஞ்சம் நின்றார். பிறகு அந்தத் தோட்டத்து ஆளின் இரண்டு கைகளையும் தொட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் தொட்டார்கள். கடைசியாகச் சாமியார் வந்தார். அவர் தொட்டுவிட்டு விடவில்லை, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டே தலையைக் குனிந்து நின்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அப்போது கொஞ்சம் குறைந்தது, முழுவதும் இல்லை.

ஈஸ்டர் கழிந்த வாரம் கோயில் நிலத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு குடிசை எழும்பியது. எந்த முக்காலி ஆள் என்று யாரும் கேட்கவில்லை. கரைவலையிலும் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கடலைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும், அதை வைத்து இளைஞர்கள் அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். என் கணவர் மட்டும் ஓட்ட மாட்டார். மூத்தவருக்காக மரித்தோர் பூசை வைத்தோம். உடம்பில்லாத பூசை. மாமியார் முன்வரிசையில் அழாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்ததை ஊரில் பெரிய தர்மம் என்று இன்றுவரை பேசுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை ஒட்டவில்லை. கஞ்சி கொடுத்ததுதான் தர்மம், அதை நாங்கள் எல்லோரும் செய்தோம். காலியாகக் கிடந்த இடம் என்று நாங்கள் நினைத்த இடத்தில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பிவிட்டுத்தான் இவனை உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யச் சொல்லி எந்தச் சாமியார் பிரசங்கம் வைப்பார்?

சில வருஷங்கள் கழித்து, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது, உயிர் தப்பினவர்கள் நனைந்த துணியோடு எங்கள் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்து ஆள்தான் தேர்க்கொட்டகையைத் திறந்துவிட்டான். மாமியாருக்கு அப்போது கண் மங்கியிருந்தது. ஆனாலும் கஞ்சிப் பானையோடு கிளம்பிவிட்டார், நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். ஒருவனுக்கு ஊற்றினார். அகப்பையைப் பானைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ஐயோ, மறுபடியும் மகனைக் கேட்கப் போகிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று அவர் கையை அழுத்தினேன்.

அவர் கேட்டது வேறு. “ஒன்னயத் தேடிக்கிட்டு எங்கனயாச்சும் ஆத்தா இருக்காளாப்பா?” என்றார். “இருந்தா, உசுரோட இருக்கேன்னு மொதல்ல அவளுக்குச் சொல்லிவிடு.”

அவன் இருக்கிறாள் என்று தலையாட்டினான். அவருக்கு அது தெரியவில்லை என்பதால், “இருக்காளாம் மாமி” என்று நான் சொன்னேன். அவர் அவனுக்கு இன்னொரு அகப்பை ஊற்றினார்.